மூணாற்றுக் கற்கோயில்

நமது சங்கத்து மாத இதழில் திருக்கோயில்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. கல்பாத்தித் தேரைப் பற்றியும், சொந்த ஊரில் விட்டுவந்த குலதெய்வங்களைப் பற்றியும் அன்பர்கள் பலர் எழுதியுள்ளனர். நாமும் ஆவலுடன் படித்து வந்திருக்கிறோம். இம்முறை ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தைப் பற்றி எழுத முற்படுகிறோம். நாம் கிறிஸ்தவர் அல்லோம். கட்டடக் கலை பயின்றவரும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, இப்பொழுது பாலக்காட்டில் எழுத்தர் நாற்காலியில் அமர்ந்து பிறர் கணக்கைப் பேரேட்டில் ஏற்றிக் கொண்டிருக்கிறோம். ஆயினும் இக்கட்டுரையை எழுத நமக்குச் சிறிது உரிமை உண்டு என்று நம் தந்தையார் கூறுகிறார். அவ்வுரிமை மெய்யானதுதானா என்பதே இங்கே கேள்வி.

சென்ற சித்திரையில் தந்தையார் மூணாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தாயார் அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டார். தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். அங்கே குடியிருப்பது லயம் எனப்படும் வரிசை வீட்டில். வேலை உள்ளவரை வீடு உண்டு. வேலை முடிந்தால் வீட்டின் சாவியைத் திருப்பித் தர வேண்டும். தந்தையார் பிறந்தது அந்த லயத்தில். அவருடைய தந்தையார் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். மூன்று தலைமுறை வாழ்ந்த மண்ணில் நமக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆகவே பெற்றோரைப் பாலக்காட்டிலுள்ள நமது இரண்டறைக் குவார்ட்டர்சுக்கு அழைத்துவர, ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.

பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்லக் கேரளத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. நாம் எப்பொழுதும் செல்வது எல்லையை இருமுறை கடக்கும் வழியே. பொள்ளாச்சி வரை ரயில். 2015-இல் அகலப் பாதையாகித் திறக்கப்பட்ட தடம் அது. பிறகு உடுமலைப்பேட்டை, அங்கிருந்து மலைப் பேருந்து. சின்னாற்றுச் சோதனைச் சாவடியில் தமிழ்நாடு முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. அப்பால் மறையூர்: சந்தனக் காடு, கரும்பு, வெல்லம். மறையூரில் பாறைகளின் மேல் முனியறைகள் என்று அழைக்கப்படும் பழங்காலக் கல்லறைகள் நிற்கின்றன. நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல்லை மூடிய அமைப்பு. மலையின் மிகப் பழைய கற்கட்டடங்கள் அவையே. கட்டியவர் பெயரும் இல்லை, உள்ளே கிடந்தவர் பெயரும் இல்லை. பேருந்து அவற்றைத் தாண்டி வளைந்து ஏறும்போது குளிர் தொடங்கிவிடும், தேயிலையும் தொடங்கிவிடும்.

லயத்து வீட்டில் தாயார் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கொண்டிருந்தார். அன்றிரவு உணவுக்குப் பின் தந்தையார் மெல்லச் சொன்னார்:

“எய்யா, நாளைக்குத் துரைமார் கோயிலைப் பாத்துட்டுப் போவமா? எங்க தாத்தா கல்லு ஒடச்ச கோயிலு. நான் ஒரு நாளும் உள்ள போனதில்ல.”

“கல்லப் பாத்து என்ன பண்ணப் போறீக? இந்தச் சாக்கப் பிடிங்க” என்றார் தாயார்.

துரைமார் கோயில் என்று தோட்டத்து முதியவர்கள் சொல்வது, பழைய மூணாற்றில் ஒரு குன்றின் மேல் நிற்கும் கிறிஸ்து ஆலயத்தை. ஞாயிறு தவறாமல் அதன் மணி ஓசையைக் கேட்டுக்கொண்டு, அதன் அடிவாரத்துச் சாலையில் அறுபது ஆண்டுகள் போய்வந்த மனிதர், படியேறி உள்ளே சென்றதில்லை என்பது நமக்கு அன்றுதான் தெரிந்தது. யாரும் தடுத்ததில்லை. அவருடைய சிறுவயதில் பெரியவர்கள், “அது துரைமாருடையது” என்று சொல்லி வைத்திருந்தார்கள்; அந்தச் சொல்லே வேலியாக நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் தந்தையும் மகனுமாகச் சென்றோம்.

அவ்வாலயத்தின் கதை கட்டடத்தில் தொடங்கவில்லை. ஒரு குழியில் தொடங்குகிறது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். காப்பி, சின்கோனா என்று பலவற்றைப் பயிரிட்டுப் பார்த்து, 1880-ஆம் ஆண்டையொட்டித் தேயிலையும் நடப்பட்டது. அக்காலத்தில் இங்கு வந்த வெள்ளையர் பெரும்பாலும் இளைஞர். மலைக் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. 1894-ஆம் ஆண்டு இறுதியில், ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட் என்ற தோட்ட அதிகாரியின் இளம் மனைவி எலினார் மணமான சில நாட்களில் இம்மலைக்கு வந்து சேர்ந்தார். குன்றின் மேல் நின்று மலைகளைப் பார்த்தவர், “நான் இறந்தால் இங்கேயே புதையுங்கள்” என்று விளையாட்டாகக் கணவரிடம் சொன்னதாகக் கதை. கிறிஸ்துமஸ் வருமுன் காலராவில் இறந்தார். அதே குன்றில் அடக்கம் செய்தார்கள். அவரைச் சுற்றி மேலும் பல கல்லறைகள் எழுந்தன. கல்லறைத் தோட்டம் முதலில் வந்தது. ஆலயத்திற்கு 1910-ஆம் ஆண்டில்தான் அடிக்கல் நாட்டினார்கள். 1911-இல் வழிபாடு தொடங்கிற்று. இறந்தவர்கள் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தபின் அவர்களுக்கு ஒரு கோயில் கிடைத்தது.

எழுத்தர் புத்தியில் ஒன்று தோன்றியது. வேலையில் சேருமுன் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டதைப் போன்ற விந்தை இது.

நிற்க. கோயிலின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் அது மூணாற்றுக்கு உரிய அமைப்பன்று. கேரளத்துக்கு உரியதும் அன்று. இங்குள்ள பழைய சிரியக் கிறிஸ்தவர்களின் பள்ளிகள், போர்த்துக்கீசியர் வருமுன் கோயில்களின் சாயலிலேயே சரிந்த கூரையோடு நின்றவை. கடுத்துருத்தி போன்ற ஊர்களில் இன்றும் பள்ளிக்கு முன் திறந்த வெளியில் பெரிய கற்சிலுவை நிற்கும்; நம் கோயில்களின் கொடிமரமும் விளக்குத் தூணும் நினைவுக்கு வரும். மூணாற்றுக் குன்றின் மேல் நிற்பதோ, இங்கிலாந்தின் கிராமங்களில் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை எழுந்த இடைக்காலப் பங்குக் கோயிலின் பேரப்பிள்ளை. பங்கு என்பது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பரப்பு. நம் திருநெல்வேலிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபையார் அதைச் சேகரம் என்பார்கள். அத்தகைய பழங்கோயில்கள் இங்கிலாந்தில் இன்றும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன.

அப்பங்குக் கோயிலின் அமைப்பு நம்மவர்க்கு எளிதில் விளங்கும். மேற்கே அல்லது தெற்கே வாயில். உள்ளே நீண்ட சபை மண்டபம். கிழக்குக் கோடியில் பலிபீடம் இருக்கும் குறுகிய பகுதி. நமது மகாமண்டபமும் கருவறையும் போல என்று வைத்துக் கொள்ளலாம். இடையே பல கோயில்களில் மரத்தாலான தட்டி ஒன்றும் இருந்தது. மண்டபம் குடிமக்களுடையது, பீடப்பகுதி குருவினுடையது. அக்காலத்தில் வழிபாடு மட்டுமன்றி, ஊர்க்கூட்டமும் திருவிழாக்காலத்து விருந்தும்கூட மண்டபத்தில் நடந்தனவாம்.

வியப்பான சட்டம் ஒன்றும் இருந்தது. மண்டபத்தின் கூரை ஒழுகினால் ஊரார் செலவு; பீடப்பகுதியின் கூரை ஒழுகினால், அக்கோயிலின் தசமபாகத்தைப் பெறுகிற குருவின் செலவு. பின்னாளில் தசமபாகத்துக்குரிய நிலங்கள் தனியாரிடம் கைமாறியபோது, கூரையைப் பழுதுபார்க்கும் கடனும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறியது. 2003-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, வார்விக்ஷயரில் ஆஸ்டன் காண்ட்லோ என்ற ஊரின் இடைக்காலக் கோயில் பற்றிய வழக்கில், அத்தகைய நிலத்தை உடைய ஒரு தம்பதியர் பீடப்பகுதியைப் பழுதுபார்க்கக் கடன்பட்டவர்கள் என்று தீர்ப்பளித்தது. பல நூற்றாண்டுப் பழைய கடன், உயிரோடிருப்பவர் தலையில் வந்து விடிந்தது. நிலம் உடையவனைக் கோயில் விடுவதில்லை. நிலமே இல்லாதவனுக்குக் கோயிலோடு என்ன கணக்கு என்பதை எந்தச் சட்டமும் சொல்லக் காணோம்.

இனி வளைவைப் பற்றி. மூணாற்றுக் கோயிலின் சன்னல்கள் மேலே கூராக முடிகின்றன. இரு கைகளைக் குவித்தாற்போல. நம் சிற்பிகள் கல்லின்மேல் கல்லைக் கிடத்திக் கட்டினார்கள். தூண், அதன்மேல் உத்திரம். கருங்கல் நசுங்குவதைத் தாங்கும், வளைவதைத் தாங்காது. ஆகையால் உத்திரக்கல் சில முழத்துக்கு மேல் நீளக்கூடாது. நீண்டால் நடுவில் முறியும். நம் கோயில்களில் தூண்கள் நெருக்கமாய் நிற்பதற்கும், ஆயிரங்கால் மண்டபம் உண்டாவதற்கும் இது ஒரு காரணம். மேனாட்டார் சிறு கற்களை வளைவாக அடுக்கி, ஒன்றையொன்று நெருக்கச் செய்து, இடைவெளியைத் தாண்டினார்கள். அரைவட்ட வளைவு பக்கச் சுவர்களை வெளியே மிகுதியாகத் தள்ளும். வளைவைக் கூராக்கினால் தள்ளும் விசை குறைந்து, பாரம் கீழ்நோக்கி இறங்கும். மிஞ்சும் விசையைத் தாங்கச் சுவருக்கு வெளியே முட்டுச் சுவர்கள் கொடுத்தார்கள். சுவர் இவ்வாறு பாரத்திலிருந்து விடுபட்டதும் அதில் பெரிய சன்னல்களைத் திறந்து கண்ணாடி பதிக்க முடிந்தது. பிரான்சில் பாரிசுக்கு அருகே புனித டெனிஸ் மடத்துக் கோயிலில், சுகர் என்ற மடாதிபதி 1144-இல் திறந்து வைத்த பீடப்பகுதியை இம்முறையின் தொடக்கமாகக் கூறுவர்.

வண்ணக் கண்ணாடியின் வேலையும் அறியத்தக்கது. கண்ணாடி உருகும்போதே உலோகச் சேர்மங்களைக் கலப்பார்கள். கோபால்ட் நீலம் தரும், செம்பு சிவப்பைத் தரும். பிறகு துண்டு துண்டாக வெட்டி, ஈயப் பட்டைகளால் இணைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர் அச்சன்னல்களைப் பார்த்தே வேதக் கதைகளை அறிந்தனர். நம்மவர் கோபுரத்துச் சுதைகளைப் பார்த்து அறிந்தது போலத்தான்.

இக்கலை பதினாறாம் நூற்றாண்டில் மங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மீண்டும் உயிர்பெற்றது. 1839-இல் கேம்பிரிட்ஜில் தோன்றிய ஒரு சங்கத்தார், கோயில் என்றால் இடைக்காலக் கோயிலைப் போலத்தான் கட்ட வேண்டும் என்று விடாப்பிடியாக வாதித்தனர். அதன் அலை குடியேற்ற நாடுகள் எங்கும் அடித்தது. அச்சங்கத்துக்கும் முன்பே, 1830-ஐ ஒட்டி உதகமண்டலத்தில் எழுந்த புனித ஸ்தேவான் ஆலயத்திற்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தானின் அரண்மனை மரங்களைப் பிரித்துக் கொணர்ந்தார்கள். நமது ரயில்வேயும் தப்பவில்லை: 1888-இல் முடிவுற்ற பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் நிலையம், பயணச்சீட்டு விற்கும் தேவாலயம் போலவே நிற்கிறது. பெயர் இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். கூர் வளைவுகள் அப்படியே இருக்கின்றன.

மூணாற்றுக்கு வந்த தோட்ட அதிகாரிகள் இவ்வாதங்களை எல்லாம் படித்துக் கொண்டிருந்திருக்க மாட்டார்கள் என்பது நமது எண்ணம். பிறந்த ஊரில் கோயில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இங்கும் இருக்க வேண்டும் என்று ஏங்கியிருப்பார்கள். மூங்கிலும் கூரைப் புல்லும் கிடைக்கும் மலையில், கருங்கல்லை உடைத்து, ஆங்கிலக் கிராமத்தை எழுப்பிக் கொண்டார்கள். அவர்களும் நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர்களே. நம் மூதாதையர் அதே ஏக்கத்தில் லயத்துக்கு மேலே ஒரு மரத்தடியில் மூன்று கல்லை நட்டு மாரியம்மன் என்றார்கள். வேறுபாடு, அவர்களுக்குக் கல் உடைக்க ஆள் இருந்தது.

உள்ளே நுழைந்தபோது ஆராதனை இல்லாத நேரம். தந்தையார் வாயிலிலேயே செருப்பைக் கழற்றினார். வேண்டியதில்லை என்றோம், கேட்கவில்லை. மரத்தாலான நீண்ட இருக்கைகள், மரக் கூரை, மெழுகும் பழைய மரமும் கலந்த வாசனை. சன்னல் வழியே வந்த நீல ஒளி தந்தையாரின் வேட்டியில் விழுந்திருந்தது. அவர் அதைத் துடைக்கப் போனவர் போல் குனிந்து, பின் சிரித்துக் கொண்டார்.

சுவர்களில் பித்தளைத் தகடுகள். இம்மலையில் பணிசெய்து மடிந்த துரைமாரின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. நாம் ஒவ்வொன்றாகப் படித்து, நமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொருள் சொல்லிக்கொண்டு வந்தோம். தந்தையார் கைகட்டிக் கேட்டார். கடைசித் தகடு முடிந்ததும், “கட்டினவுக பேரு எங்க போட்டிருக்கு?” என்றார்.

இல்லை என்றோம்.

“தாத்தா பேரு வேண்டாம். கூலியாளுக இத்தன பேருன்னாவது?”

அதுவும் இல்லை என்றோம். இக்கட்டுரையில் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. தந்தையாரின் பாட்டனார் இக்கோயிலுக்குக் கல் உடைத்தார் என்பதற்கு நம்மிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பாட்டனார் தம் மகனிடம் சொன்னார். அவர் நம் தந்தையாரிடம் சொன்னார். அலுவலகத்தில் யாரேனும் இவ்வாறு வாய்மொழியாக ஒரு கோரிக்கையைக் கொண்டுவந்தால், “சான்று இணைக்கப்படவில்லை” என்று எழுதித் திருப்பி அனுப்புவது நமது அன்றாடப் பணி. எத்தனை பேருக்கு அவ்வாறு எழுதியிருக்கிறோம் என்பதும் அங்கே நினைவுக்கு வந்து உறுத்தியது.

தந்தையார் வெளியே வந்து சுவரை ஒட்டி நடந்தார். ஓரிடத்தில் நின்று, கல்லின் விளிம்பில் விரலை வைத்துக் காட்டினார். உளி கொத்திய சாய்வான கோடுகள். தோட்டத்தில் மண்சரிவைத் தடுக்கும் கட்டுச் சுவர்களில் இதே கொத்து உண்டு என்றும், தம் தந்தையார் அவ்வாறே கொத்தக் கற்றிருந்தார் என்றும் கூறினார். கருங்கல்லை யார் கொத்தினாலும் கோடு விழும் என்று சொல்ல வாயெடுத்தோம்; சொல்லவில்லை.

கல் எப்படி வந்திருக்கும், மற்றப் பொருள்கள் எப்படி வந்திருக்கும் என்று பேசிக்கொண்டே கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினோம். இங்கேதான் நமது துறையின் பெருமையும் சிறுமையும் வருகின்றன. இன்று ரயிலே இல்லாத மூணாற்றில் அன்று ரயில் ஓடிற்று. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். பாரம் தண்டவாளத்தின் மேல், சாயாமல் இருக்க, சாலையில் உருளும் ஒரு பெரிய சக்கரம், இழுப்பவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் இருப்புப் பாதை அமைத்து நீராவி இன்ஜினை ஓட்டினார்கள். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் அதில் செல்லும். அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிப் பக்கம் இறங்கும். பின் மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். நம்மவர் ஏறிவந்ததும் அதே சரிவில்தான். ஆனால் கால்நடையாக, கங்காணியின் பின்னால், தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக.

கோயில் கட்டிய காலத்தில் அந்த ரயில் ஓடிக் கொண்டிருந்தது. கொல்லம் ஆண்டு 1099, ஆங்கில ஆண்டு 1924 ஜூலையில் பெருமழை பெய்தது. மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று சொல்வது அதைத்தான். மூணாறு ஊர் மூழ்கிற்று. பாதை, பாலம், நிலையம் யாவும் சிதைந்தன. ரயிலை மீண்டும் அமைக்கவேயில்லை. அந்நாளைய நிலையக் கட்டடம் இப்பொழுது தேயிலைக் கம்பெனி அலுவலகமாய் இருக்கிறது. குன்றின்மேல் இருந்த கோயிலை வெள்ளம் எட்டவில்லை. எலினார் நைட் விளையாட்டாகக் கேட்ட இடம் நல்ல இடந்தான்.

அவர் கல்லறை மேட்டின் உச்சியை ஒட்டி இருக்கிறது. தந்தையார் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சற்று நின்றார். “பாவம், சின்னப் பிள்ள” என்றார். நமக்கு வேறொரு நினைவு. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. 70 உயிர்கள் போயின. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மண்ணிலிருந்து எடுத்தவர்களை அப்பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். சிலருடைய உடல் கிடைக்கவேயில்லை. இறந்தவர்களில் தந்தையாரின் பழைய கூட்டாளி ஒருவரும் உண்டு. அதைப் பற்றி அவர் பேச மாட்டார்.

கீழே இறங்கும்போது கோயிற் பணியாளர் ஒருவர் எதிர்ப்பட்டார். தமிழிலேயே பேசினார். இப்பொழுது இங்கே தமிழிலும் ஆராதனை நடக்கிறது என்றார். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலேயத் திருச்சபையின் கோயில்கள் பல அதில் சேர்ந்தன. இதுவும் இன்று அத்திருச்சபையின் ஆலயமே. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினர். தேயிலைக் கம்பெனியும் பல கைகள் மாறி, 2005 முதல் ஊழியர்களும் பங்குதாரர்களாக உள்ள நிறுவனமாய் இருக்கிறது. கோயிலில் ஞாயிறுதோறும் அமர்வோரில் பலர், கல் சுமந்தவர்களின் கொள்ளுப் பேரர்களாகவே இருக்கக்கூடும். கூரை ஒழுகினால் காணிக்கை எடுத்துப் பழுது பார்ப்பவர்களும் அவர்களே. இங்கிலாந்துச் சட்டத்தின்படி, மண்டபம் குடிமக்களுடையது அல்லவா? இதைத் தந்தையாரிடம் கூறினோம். அவர் சிறிது யோசித்து, “அப்ப நம்ம ஆளுக கையில வந்து சேந்துட்டுது” என்றார். நமக்கோ அவ்வளவு எளிதாக மனம் ஆறவில்லை. கோயில் வந்து சேர்ந்தது சரி. அந்தக் குடிமக்களுக்கும் லயத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வரத்தானே செய்யும்?

பிற்பகலில் தோட்டத்துக்குத் திரும்பும் வழியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு சில்வர் ஓக் மரத்தடிக்கு அழைத்துச் சென்றார். பாட்டனாரைப் புதைத்த இடம் அதுதான் என்று அவர் தந்தையார் காட்டியிருந்தாராம். மேடு இல்லை, கல் இல்லை. நூறு கோயில்களுக்குப் போதுமான கல்லை உடைத்தவர் என்று தந்தையார் பெருமை பேசும் மனிதருக்கு மேல் ஒரு சல்லி வைக்கப்படவில்லை. மரத்தைச் சுற்றிக் கொழுந்து நன்றாகத் துளிர்த்திருந்தது. தந்தையார் பழக்க தோஷத்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சாவியை ஒப்படைத்தோம். அலுவலகத்தில் இருந்த இளைஞர் மரியாதையாகவே நடந்துகொண்டார். பதிவேட்டில் வீட்டு எண்ணை எழுதி, தந்தையாரிடம் கையொப்பம் வாங்கி, ரசீது கொடுத்தார். தாயார் அடுப்படியில் சிறிது மண்ணை எடுத்து முடிந்து வைத்திருந்ததை உடுமலையில் பேருந்து மாறும்போதுதான் பார்த்தோம்.

பாலக்காட்டுக்கு வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பிள்ளைகளுக்காக வம்ச வரிசையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க உட்கார்ந்தோம். நம் பெயர், தந்தையார் பெயர், அவர் தந்தையார் பெயர் வரை வந்தோம். அதற்கு மேல், “கல்லுத் தாத்தான்னுதான் சொல்லுவாக” என்றார் தந்தையார். இயற்பெயர் அவருக்கே தெரியவில்லை. அத்தனை பித்தளைத் தகடுகளுக்கு முன் நின்று தேடிய நாம், என்ன பெயரைத் தேடினோம் என்று அப்போதுதான் வெட்கப்பட்டோம்.

அம்பாசமுத்திரத்துப் பக்கம் தந்தையாரின் அத்தை ஒருவர், எண்பது கடந்தவர், இருக்கிறார். தொலைபேசியில் கேட்டோம். நெடுநேரம் யோசித்து ஒரு பெயரைச் சொன்னார், எழுதிக்கொண்டோம். மறுநாள் விடியுமுன் அவரே அழைத்து, அது தாத்தாவின் தமையனார் பெயர், அவர் மலைக்கே வரவில்லை என்று சொல்லி, வேறொரு பெயரைத் தந்தார். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதி, தந்தையாரிடம் காட்டினோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் வாய்விட்டுப் படித்தவர், இரண்டாவதன் கீழ் ஒரு கோடு போடச் சொன்னார்.